தடயமில்லாத வரி

பூர்வா அந்த ஒரு வரியை அழித்திருந்தால் எனக்கு எதுவும் தெரியவந்திருக்காது. இன்றைக்கும் அவனை நல்ல பிள்ளை என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பேன். அவன் அழிக்கவில்லை. சோம்பேறித்தனம். திருடுகிறவனுக்குத் திருட்டிலாவது அக்கறை வேண்டாமா?

என் பெயர் நெந்தென். பாண்டுங் நகரத்துக்குப் பக்கத்தில், மஜாலயாவில் இருக்கிற துணி ஆலைகளுக்கு வேலை செய்கிறேன். பழைய தறிகளுக்குள் ஒரு சின்ன மின்பலகை இருக்கும். எந்த நேரத்தில் எந்த நூலைத் தூக்க வேண்டும் என்று தறிக்குச் சொல்வது அதுதான். அந்தப் பலகைகளைச் செய்த கம்பெனிகள் முக்கால்வாசி மூடிப்போய்விட்டன. பலகை மக்கர் செய்தால் என்னைக் கூப்பிடுவார்கள். உள்ளே இருக்கும் எண்களைப் படித்து, இதை எழுதினவன் என்ன நினைத்து எழுதினான் என்று கண்டுபிடித்து, சரிசெய்து கொடுப்பேன். பதினேழு வருஷமாக இதுதான் பிழைப்பு.

வீட்டுக்கு வந்தாலும் அதே வேலைதான், ஆனால் ஆசைக்காக. 'ஏழாம் துறைமுகம்' என்று ஒரு விளையாட்டு. 1998இல் ஜப்பானில் செய்தது. டிவியோடு பெட்டியை இணைத்து, வட்டைப் போட்டு ஆடுவது. ஒரு பாய்மரக் கப்பல், ஏழு துறைமுகங்கள், வழியெல்லாம் புயல். பாண்டுங்கில் என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் ஆறாவது துறைமுகத்துக்கு முன்னால் மூழ்கின கதையைச் சொல்வார்கள்.

அந்த வட்டில் இருப்பது வெறும் எந்திர எண்கள். மனிதர்கள் உட்கார்ந்து எழுதிய மூல நிரலைக் கம்பெனி வெளியே விட்டதே இல்லை. காங் யயாட் என்பவர் (காங் என்றால் எங்கள் ஊரில் அண்ணன்) ஒரு குழு ஆரம்பித்தார். அந்த எண்களிலிருந்து மூல நிரலைத் திரும்ப எழுதுவது என்று. விளையாட்டை 2,412 துண்டுகளாகப் பிரித்தோம். ஒருவர் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, அது என்ன செய்கிறது என்று படித்து, மனிதர்களுக்குப் புரிகிற நிரலாக எழுத வேண்டும். பிறகு நிரலை எந்திர எண்களாக மாற்றுகிற அந்தக் காலத்துக் கம்பைலரில் போட்டு, வருகிற எண்களை வட்டில் இருக்கிற எண்களோடு ஒப்பிட வேண்டும். ஒரு எண் மாறினாலும் தோல்வி. எல்லாம் ஒத்துப்போனால் அந்தத் துண்டு 'பொருந்தியது' என்று குறிப்போம். அன்றைக்கு எனக்குச் சோறு வேண்டாம்.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம். வட்டை மட்டும்தான் பார்க்கலாம்.

ஏன் சட்டம் என்றால், யாரோ அந்தக் கம்பெனியின் கணினிக்குள் புகுந்து அசல் மூல நிரலையே திருடி இணையத்தில் கொட்டியிருந்தார்கள். தேடினால் ஐந்து நிமிஷத்தில் கிடைக்கும். அதைப் பார்த்து எழுதினால் அது கண்டுபிடிப்பு இல்லை, நகல். ஒரே ஒருவர் பார்த்து எழுதினாலும் மொத்தக் குழுவும் திருட்டுக் கும்பல்தான். அதனால் சேருகிற ஒவ்வொருவரும் எழுதித் தருவோம்: நான் அதைப் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன், பார்த்துவிட்டால் ஒரு வரிகூட எழுதாமல் விலகிவிடுவேன். நானும் எழுதித் தந்தேன். பூர்வாவும் எழுதித் தந்தான்.

புயலைக் கிளப்புகிற துண்டு என்னிடம் இருந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு கட்டளைகள். அறுநூற்றொன்பது பொருந்திவிட்டன. மூன்று பொருந்தவில்லை. அந்த மூன்றோடு பதினோரு மாதம் மல்லுக்கட்டினேன். வரிகளை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். ஆயிரத்துக்கும் மேல் முயற்சி. ஸ்கூட்டரில் போகும்போது யோசிப்பேன், அரிசி களையும்போது யோசிப்பேன். என் கணவர் ருஸ்மானா பள்ளிக்கூடத்தில் உயிரியல் வாத்தியார். "உன் மூஞ்சியப் பாத்தாலே வானிலை தெரியுது. இன்னிக்கும் புயல் ஓயல போல" என்பார்.

அப்போதுதான் பூர்வா வந்தான். ஜோக்ஜாக்காரன், இருபத்தெட்டு வயசு, பாண்டுங்கில் ஏதோ செயலிக் கம்பெனியில் வேலை. மரியாதையான பையன். வாய் நிறையத் 'தெத்தே, தெத்தே' என்பான். எங்கள் ஊரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். சேர்ந்த முதல் மாதமே பதினெட்டுத் துண்டுகளைப் பொருத்தினான். எனக்கு அதே எண்ணிக்கைக்கு அரை வருஷம் ஆகியிருந்தது.

"தெத்தே, அந்தப் புயலக் கொஞ்சம் நான் பாக்கட்டா?" என்று ஒருநாள் கேட்டான்.

"பாரு. பாத்துட்டு நீயும் தலையப் பிச்சுக்க."

இரண்டே நாளில் பொருத்திவிட்டான். அறுநூற்றுப் பன்னிரண்டும்.

எனக்குக் கொஞ்சம் வலித்தது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. அவனை வீட்டுக்கு அழைத்து, இறால் வறுத்து, வாழையிலையில் மீன் பொதிந்து சுட்டுப் போட்டேன். இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொண்டே அவன் சொன்னான்: "சும்மா தோணுச்சு தெத்தே. நீங்க ஒரே பக்கமா நின்னு பாத்துட்டு இருந்தீங்க. கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தேன், அவ்வளவுதான்."

என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, என் கையால் சமைத்ததைத் தின்றுகொண்டு, எனக்குப் புத்தி சொன்னான். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால்தான் இப்போதும் வயிறு எரிகிறது.

அடுத்த மார்ச்சில் தொண்ணூற்றேழு சதவீதம் முடிந்துவிட்டது. எல்லார் எழுதியதையும் ஒரே மாதிரி ஒழுங்குபடுத்துகிற வேலை எனக்கு வந்தது. பூர்வாவின் புயல் துண்டைத் திறந்தேன். நடுவில் ஒரு வரி. சோதனை முறையில் ஆடினால் அலையின் உயரத்தைத் திரையில் காட்டு என்று அதற்கு அர்த்தம்.

சோதனை முறை, விளையாட்டைச் செய்தவர்கள் தங்களுக்காக வைத்துக்கொள்வது; விற்பனைக்கு வந்த வட்டில் அது கிடையாது. அப்படிப்பட்ட வரியைக் கம்பைலர் சுத்தமாகத் தூக்கிப் போட்டுவிடும். வட்டில் அதற்கு ஒரு எண்கூட இருக்காது.

சில சமயம் நாங்களே வேண்டாத வரி ஒன்றைச் சேர்ப்போம். அது கம்பைலரைக் கொஞ்சம் அசைத்து எண்களைச் சரியாக விழ வைக்கும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்து, அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டும் அப்படியே பொருந்தின. திரும்பச் சேர்த்தேன். பொருந்தின. இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

அப்படியானால் அந்த வரி இவனுக்கு எங்கிருந்து கிடைத்தது? வட்டில் இல்லாததை வட்டைப் பார்த்து எழுத முடியுமா?

அவன் செய்த 317 துண்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். மூன்று நாள் ஆனது. நாற்பத்து மூன்று இடங்களில் இதே போல, எந்தத் தடயமும் விடாத, யாருக்கும் தேவைப்படாத வரிகள். ஒரு ஜப்பான்காரன் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் தன் வசதிக்காக எழுதிக்கொண்ட வரிகள்.

நேரில் கேட்டுவிடலாம் என்று அவனைப் புவா பாத்து பகுதியில் நாங்கள் வழக்கமாகப் பதாகோர், அதாவது பொரித்த மீன் உருண்டை, சாப்பிடுகிற கடைக்கு வரச் சொன்னேன். மதிய மழை கொட்டிக்கொண்டிருந்தது. நனைந்துகொண்டு ஓடிவந்து, வேர்க்கடலைச் சாற்றைக் கொஞ்சம் அதிகமாக ஊற்றச் சொல்லிவிட்டு என் எதிரே உட்கார்ந்தான். மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினேன்.

"இது என்னடா வரி?"

பார்த்தான். அரை நொடிதான். அந்த அரை நொடியில் அவன் முகம் போன போக்கை நான் பார்த்துவிட்டேன்.

"பழக்கம் தெத்தே. ஆபீஸ்ல இப்படித்தான் எழுதுவோம். கை தானா எழுதிடுச்சு."

"நாப்பத்தி மூணு எடத்துலயா? உன் கை உன்னக் கேக்காமலே எழுதுமா?"

"உக்காந்து எண்ணுனீங்களா?" என்று சிரித்தான். "தெத்தே, ஒண்ணு சொல்லட்டா, கோவிச்சுக்காதீங்க. உங்களால முடியாதத ஒரு சின்னப் பையன் முடிச்சுட்டான்னு மனசுல இருக்கு. அது இயற்கைதான்."

"பொறாமைங்கிற?"

"நான் அந்த வார்த்தையச் சொல்லல."

"நான் சொல்றேன். ஆமா, பொறாமதான். பொறாமைல தேடினாலும் கெடச்சது கெடச்சதுதான். நீ அந்தத் திருட்டு நிரலப் பாத்தியா, பாக்கலியா?"

கடைக்காரர் தட்டை வைத்துவிட்டுப் போனார். பிறகு கரண்டியை எடுத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: "பாத்தேன்னு நிரூபிக்கணும்னா அதத் தொறந்து பக்கத்துல வச்சு ஒப்பிடணும். தொறக்கறவங்க வெளிய போகணும். சட்டம் எழுதினது நீங்கதான். யாரு தெத்தே தொறக்கப் போறா?"

நான் எழுந்துவிட்டேன். என் தட்டை நான் தொடவே இல்லை. மழையிலேயே ஸ்கூட்டரை எடுத்தேன். கோபத்தில் தலைக்கவசத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

அங்கிருந்து நேராகக் காங் யயாட் வீட்டுக்குப் போனேன். அவர் ஒரு கல்லூரியில் கணினி இணைப்புகளைப் பார்த்துக்கொள்கிறவர். ஐம்பதை நெருங்குகிறவர், பொறுமைசாலி. எல்லாவற்றையும் கேட்டார். அந்த நாற்பத்து மூன்று இடங்களையும் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நெந்தென், ஆகஸ்ட்ல ஒசாகா கூட்டத்துல பேசக் கூப்பிட்டிருக்காங்க. முழுசா முடிஞ்சதுன்னு அங்க அறிவிக்கறதா இருக்கேன்."

"தெரியும். அதுக்கும் இதுக்கும் என்ன?"

"நிச்சயமா தெரியாம ஒரு பையன் பேரக் கெடுக்கலாமா?"

"நிச்சயமா தெரிஞ்சுக்கணும்னா ஒருத்தர் பாக்கணும். நீங்க பாருங்க."

"நான் பாத்தா குழு என்ன ஆறது?"

"அப்ப நான் பாக்கறேன்."

"வேண்டாம்மா. நாலு வருஷ உழைப்பு உனக்கு. இப்ப நமக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும் நாம தப்பு பண்ணல."

"காங், உங்களுக்குத் தெரியாம இல்ல. தெரிஞ்சுக்க இஷ்டமில்ல. ரெண்டும் வேற. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கறது கேள்விப்பட்டிருக்கேன். நீங்க சோறே இல்லாம மறைக்கறீங்க."

அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். நான் அவ்வளவு சத்தமாகப் பேசியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. தெரிந்தும் நான் குறைத்துக்கொள்ளவில்லை. "உங்களுக்கு ஒசாகா மேடை வேணும். அவனுக்குப் பேரு வேணும். அந்தத் திருட்டக் கழுவ என் கை வேணும். நான்தானே எல்லாத்தையும் ஒழுங்குபடுத்திக் குடுக்கறவ?"

"கோவத்துல பேசற. ஒரு வாரம் பொறு."

ஒரு வாரம் பொறுத்தேன். அந்த ஒரு வாரத்தில் பூர்வா மேலும் ஐந்து துண்டுகளை முடித்துக் குழுவில் போட்டான். மற்றவர்கள் கைதட்டுப் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். காங் யயாட்டும் ஒன்று அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அந்தத் திருட்டு நிரலை இறக்கினேன். ருஸ்மானா காப்பிக் கோப்பையோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"தொறந்தா நீ திரும்ப அதுல கை வைக்க முடியாது, இல்ல?"

"முடியாது."

"இன்னும் எத்தன பாக்கி?"

"அறுபது சொச்சம்."

"வேற யாராவது தொறக்கட்டுமே. எதுக்கு உன் கைய நீயே வெட்டிக்கற?"

"யாரும் தொறக்க மாட்டாங்க. அதத்தான் அவன் சாப்பிட்டுக்கிட்டே என் மூஞ்சிக்கு நேரா சொன்னான்."

அவர் காப்பியை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். திறந்தேன்.

நாலு வருஷமாக இருட்டு அறையில் கைகளால் தடவிக்கொண்டிருந்தேன். யாரோ திடீரென்று விளக்கைப் போட்ட மாதிரி இருந்தது. நான் 'காற்றுப் பட்டியல்' என்று பெயர் வைத்ததற்கு அவர்கள் 'மாமியார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் ஆறு வாரம் போராடிய ஒரு துண்டுக்கு மேல் ஜப்பானிய மொழியில் ஒரு குறிப்பு. மொழிபெயர்த்துப் பார்த்தேன்: 'இது ஏன் வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தொடாதே.' வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உடனே என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. இந்தச் சிரிப்பு எனக்கு இப்படியா கிடைத்திருக்க வேண்டும்?

பிறகு புயலைத் திறந்தேன். அந்த வரி இருந்தது. அதே இடம், அதே சொற்கள். அவன் செய்ததெல்லாம் சில பெயர்களை மாற்றியதுதான். நாற்பத்து மூன்றையும் பார்த்தேன். நாற்பத்து மூன்றும் இருந்தன. ஒரு இடத்தில் அசலை எழுதினவர் ஒரு எழுத்தைப் பிழையாக அடித்திருந்தார். பூர்வா அந்தப் பிழையையும் சேர்த்து எடுத்திருந்தான்.

எந்தத் துண்டு, எத்தனையாவது வரி என்று மட்டும் ஒரு பட்டியல் தயாரித்தேன். அசலிலிருந்து ஒரு சொல்லைக்கூட அதில் எடுத்துப் போடவில்லை. கீழே எழுதினேன்: 'நான் பார்த்துவிட்டேன். இனி நான் எழுதக் கூடாது. என் அனுமதியை நீக்கிவிடுங்கள்.' குழுவில் இருந்த பத்தொன்பது பேருக்கும் அனுப்பினேன்.

சனிக்கிழமை மதியம் எல்லாரும் இணையத்தில் கூடினோம். காங் யயாட் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ தொடங்கினார். பூர்வா குறுக்கே வந்தான். இந்தத் தடவை அவன் மறுக்கவே இல்லை.

"சரி, பாத்தேன். என்ன இப்ப? விளையாட்டு ஓடுதா இல்லியா? இருபத்தஞ்சு வருஷத்துக்கு முந்தின வட்டு. அந்தக் கம்பெனி அத வித்துக்கிட்டா இருக்கு? யாரு வயித்துல அடிச்சேன் நான்?"

"என் வயித்துல" என்றேன். "இங்க இருக்கற பதினெட்டுப் பேரு வயித்துல. அவங்க எழுதின ஒவ்வொரு வரியையும் இனிமே ஒருத்தன் சந்தேகமாத்தான் பாப்பான்."

"நீங்க வெளிய சொல்லாம இருந்தா எவன் சந்தேகப்படுவான்? இப்ப யாரு தெத்தே கெடுத்தது, நானா நீங்களா?"

பின்லாந்திலிருந்து ஐனோ பேசினாள். தாம்பெரெ நகரத்தில் ரயில் சமிக்ஞைகளைப் பார்க்கிறவள். நாலு வருஷத்தில் பத்துத் தடவை வாய் திறந்திருப்பாள். "பூர்வா, நீ சொன்னது போதும். நான் இப்பவே உன் துண்டு எல்லாத்தையும் நீக்கறேன். யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

ஆட்சேபம் இருந்தது. பிரேசில்காரர் ஒருவர், ஆகஸ்ட் முடியட்டும் என்றார். இன்னொருவர், புயலை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்றார். புயலை மட்டுமாம்! நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று சரியாக நினைவில்லை. எங்கள் ஊர்ச் சுண்டா மொழியில் கத்தியிருக்கிறேன் என்று ருஸ்மானா பிறகு சொன்னார். அர்த்தம் யாருக்கும் புரிந்திருக்காது, ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. ஐனோ நீக்கினாள். தொண்ணூற்றேழு சதவீதம் எங்கள் கண் முன்னால் எண்பத்து நாலாக இறங்கியது.

அவன் எழுதியதைச் சரிபார்த்தவர்களும் அந்தந்தத் துண்டுகளை இனித் தொடக் கூடாது என்று முடிவானது. ஏனென்றால் அவன் வழியாக அவர்களும் அசலைப் பார்த்த மாதிரிதானே? புயலைச் சரிபார்த்தவள் நான் ஒருத்திதான். அதனால் ஐனோ அதை எடுத்துக்கொண்டாள். பிறகு என் பெயருக்கு எதிரே இருந்த அனுமதியையும் அவளே எடுத்தாள். ஒரு சொடுக்குத்தான். நாலு வருஷமாகத் தினமும் திறந்த கதவு அதன் பிறகு எனக்குத் திறக்கவில்லை.

பூர்வாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வாரத்தில் எங்கள் எல்லாருடைய உழைப்பையும் தன் துண்டுகளோடு சேர்த்து, மீதியையும் அந்தத் திருட்டு நிரலிலிருந்து நிரப்பி, 'நூறு சதவீதம்' என்று தன் பெயரில் வெளியிட்டான். பல்லாயிரம் பேர் பாராட்டினார்கள். முதல் பக்கத்தில் ஒரு நன்றியுரை: 'எனக்கு எல்லாம் கற்றுத்தந்த தெத்தே நெந்தெனுக்கு.'

அதை எடு என்று எழுதினேன். பதில் இல்லை. திரும்ப எழுதினேன். 'மரியாதைக்காகப் போட்டேன் தெத்தே' என்று ஒரு கூப்பிய கைப் படம் வந்தது. இன்றைக்கும் அந்தப் பெயர் அங்கேதான் இருக்கிறது. வக்கீல் கடிதம் வரும், கம்பெனி விடாது என்று நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். எதுவும் வரவில்லை. தெரியாத ஆட்கள்தான் எனக்கு எழுதினார்கள். 'வயிற்றெரிச்சல் பிடித்த கிழவி' என்று ஒருவன். எனக்கு நாற்பத்தொரு வயசு.

காங் யயாட் ஒசாகாவுக்குப் போனார். மேடையில் எண்பத்து நாலைக் காட்டி, ஏன் எண்பத்து நாலு என்றும் சொன்னாராம். திரும்பி வந்து போன் செய்தார். மூன்று நாள் நான் எடுக்கவில்லை. நாலாவது நாள் அரைக்கூடை ஆரஞ்சுப் பழத்தோடு வாசலில் வந்து நின்றார்.

"நான் கோழையா இருந்துட்டேன்" என்றார்.

"ஆமா" என்றேன்.

பழத்தை வாங்கிக்கொண்டேன். உள்ளே கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. இப்போது பேசிக்கொள்கிறோம். பழைய மாதிரி இல்லை.

சும்மா இருக்க முடியாமல் வேறொரு குழுவில் சேரப் பார்த்தேன். அதே கம்பெனியின் இன்னொரு விளையாட்டு. சேர்க்கைத் தாளில் அதே கேள்வி: திருடப்பட்ட நிரல் எதையாவது பார்த்திருக்கிறீர்களா? ஆம் என்று எழுதி, காரணத்தையும் எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. என் நேர்மையைப் பாராட்டுகிறார்களாம், ஆனால் சேர்த்துக்கொள்ள முடியாதாம். அவர்கள் செய்தது சரி. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அதனாலேயே அன்றைக்கு மடிக்கணினியை மூடின வேகத்தில் அதன் கீல் உடைந்தது. இல்லை என்று எழுதியிருந்தால் எவனுக்குத் தெரியும்? பூர்வா அப்படித்தான் எழுதி உள்ளே வந்தான்.

டிசம்பரில் ஒரு மதியம் மஜாலயாவில் நூற்று இருபது தறிகள் ஒன்றாக ஓடுகிற கூடத்தில் இருந்தேன். ஐனோ அழைத்தாள். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே காவல்காரர் கூண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றேன்.

"புயல் பொருந்திடுச்சு" என்றாள்.

"அறுநூத்திப் பன்னெண்டுமா?"

"அறுநூத்திப் பன்னெண்டும். எட்டு மாசம். என் வீட்டுக்காரன் என்ன விட்டுட்டுப் போகாதது ஆச்சரியம்."

அவள் எழுதியதை என் போனுக்கு அனுப்பினாள். படிக்க எனக்குத் தடையில்லை, எழுதத்தான் தடை. அங்கேயே நின்று முழுவதும் படித்தேன். அந்த மூன்று கட்டளைகளை அவள் எப்படி விழவைத்தாள் என்று பார்த்தேன். கண் கலங்கிவிட்டது.

"நெந்தென், ஒண்ணு கேக்கட்டா?" என்றாள். "அவங்க எழுதினதும் இப்படித்தானா? ஆமா இல்லன்னு மட்டும் சொல்லு."

"ஐனோ, வாயை மூடு!"

காவல்காரர் திரும்பிப் பார்த்தார்.

"சும்மா ஒரு ஆசைலதான்…"

"ஆசையா? ஆமான்னு சொன்னாலும் உனக்குத் தெரிஞ்சுடும், இல்லன்னு சொன்னாலும் தெரிஞ்சுடும். அப்புறம் நீயும் வெளிய வந்து என்கூட நிக்கணும். அந்த ஒரு சொல்லுக்காகவா நான் கைய வெட்டிக்கிட்டேன்? நீயும் ஆரம்பிச்சுட்டியா?"

வைத்துவிட்டேன். அவள் வழியும் அசலும் ஒன்றா வேறா என்று எனக்குத் தெரியும். உங்களிடமும் சொல்லப்போவதில்லை.

ஐந்து நிமிஷம் அந்தக் கூண்டைச் சுற்றி நடந்துவிட்டு நானே அவளைக் கூப்பிட்டேன்.

"திட்டி முடிச்சியா?" என்றாள்.

"இல்ல."

"சரி, திட்டு. எனக்கு வேலைக்குப் போக இன்னும் அரை மணி நேரம் இருக்கு."

திட்டினேன். முதலில் அவளை, பிறகு பூர்வாவை, பிறகு ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தவரை, கடைசியில் இறால் வறுத்துப் போட்ட என்னை. ஐனோ அவ்வப்போது 'ம்' கொட்டினாள். உள்ளேயிருந்து மேஸ்திரி வந்து, ஏழாம் நம்பர் தறி மறுபடியும் நின்றுவிட்டது என்று கையைக் காட்டினார். இருங்கள், வருகிறேன் என்று நானும் கையைக் காட்டிவிட்டுத் தொடர்ந்து திட்டினேன்.